வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்

பேய் வீட்டை விலைக்கு வாங்கியவன் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் கிளம்பிவிடலாம். பூர்வீகமாகப் பெற்றவனுக்கு அந்த வசதி கிடையாது; பேய் அவன் வீட்டுக் கணக்கிலேயே நிற்கிறது. ஜோ ஹில் எழுதி, கேப்ரியல் ரொட்ரிகெஸ் வரைந்து, 2008 முதல் 2013 வரை வெளிவந்த ‘லாக் அண்ட் கீ’ என்ற அமெரிக்க காமிக்ஸின் அச்சம் முழுக்க இதில்தான் இருக்கிறது. பள்ளி ஆலோசகரான ரெண்டல் லாக்கை அவரிடம் படித்த பையனே கொன்றுவிடுகிறான். மனைவி நீனா மூன்று பிள்ளைகளோடு மாசசூசெட்ஸில் உள்ள கணவரின் பூர்வீக வீட்டுக்கு வருகிறார். ஒவ்வொன்றும் ஒரு மாயம் செய்யும் சாவிகள் அந்த வீடெங்கும் ஒளிந்திருக்கின்றன. கட்டடக்கலை படித்த சிலி நாட்டவர் ரொட்ரிகெஸ். அதனால் கதவும் மாடிப்படியும் பக்கத்துக்குப் பக்கம் இடம் மாறுவதில்லை, நாமே குடியிருந்த வீடுபோலப் பழகிவிடுகின்றன.

வீடு கைமாறியது, அதன் வரலாறு கைமாறவில்லை. ரெண்டலும் நண்பர்களும் இளவயதில் திறக்கக்கூடாத கதவொன்றைத் திறந்தார்கள், நண்பன் லூகாஸைப் பிசாசு பிடித்துக்கொண்டது. அதைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. அதனால்தான் அதே லூகாஸ், வயது கூடாமல், வேறு பெயரில் வந்து நிற்கும்போது மூத்தவன் டைலர் அவனை நண்பனாக வீட்டுக்குள் விடுகிறான். அடையாளம் கண்டுகொள்வது ஒரு பழைய ஆசிரியர்தான். அவர் உயிரும் போகிறது. மகள் கின்ஸி இன்னும் ஒரு படி மேலே போகிறாள். தலையைத் திறக்கும் சாவியால் தன் பயத்தையும் அழுகையையும் குட்டி உருவங்களாக வெளியே எடுத்து, பாட்டிலில் போட்டு மூடிவிடுகிறாள். தாங்க முடியாததை அடைத்து வைப்பதுதானே அந்த வீட்டு வழக்கம்! பயம் போனதும் புத்திசாலித்தனம் வரவில்லை, அசட்டுத் துணிச்சல்தான் வருகிறது.

பிள்ளைகளிடம் சொல்லாமல் விட்டதற்கு ரெண்டலை எப்படிக் குறை சொல்வது என்று கேட்கலாம். பதினெட்டு வயதைத் தாண்டினால் சாவிகளின் மாயம் நினைவில் தங்காது என்பது கதையின் விதி. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மறதி தானாக வந்ததல்ல, முந்தைய தலைமுறை செய்த ஏற்பாடு. நல்லதை நினைத்துத்தான் மறைத்தார்கள் என்றாலும், கொலைகாரன் சாவியைத் தேடித்தான் வந்தான். மறைத்ததால் அவன் வருவது நிற்கவில்லை. எதற்காக வந்தான் என்பதுதான் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போனது.

இத்தனை ரத்தம் எதற்கு என்பது இன்னொரு புகார். அமெரிக்காவில் இது பழைய புகார். ஃப்ரெட்ரிக் வெர்தம் என்ற மனநல மருத்துவர் 1954இல் காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று புத்தகமே எழுதினார். அதே ஆண்டு வந்த காமிக்ஸ் விதித்தொகுப்பு, தலைப்பில் ‘ஹாரர்’ என்ற சொல்லையே தடைசெய்தது. ‘லாக் அண்ட் கீ’ சிறுவர்களுக்கானதல்ல, அவர்கள் கையில் கொடுக்கவும் வேண்டாம். ஆனால் ரத்தத்தைக் குறைத்தால் என்ன மிஞ்சும் என்பதை 2020இல் வந்த நெட்பிளிக்ஸ் தொடர் காட்டிவிட்டது: சாவி விளையாட்டு. நீனா கணவரின் அஸ்திக் கலசத்தை, உடைந்ததை ஒட்டித்தரும் மாய அலமாரிக்குள் வைத்துப் பார்க்கும் இடம் காமிக்ஸில் உண்டு. ஒன்றும் நடப்பதில்லை. முதல் அத்தியாயத்தின் கொலையைக் கண் மூடாமல் பார்த்த வாசகருக்கே அந்தத் தோல்வியின் கனம் தெரியும்.