மின்சுற்றுப் பலகையும் அச்சின் தெளிவும்

வானொலிக் கருவிக்கு வேண்டிய மின்வழிகளைக் கம்பியின்றிப் பலகையிலேயே அச்சிட்டு அமைக்கலாமென்று 1936ஆம் ஆண்டளவில் இலண்டனில் செய்து காட்டியவர் பால் ஐஸ்லர் என்னும் ஆஸ்திரிய நாட்டார். அத்தகைய மின்சுற்றுப் பலகையை இன்று நம் வேலூர் மாணவர் விடுதி அறையிலேயே, லேசர் அச்சுப்பொறியும் இஸ்திரிப் பெட்டியும் கொண்டு செய்து கொள்ளலாம். இம்முயற்சி மெச்சத் தக்கதே. ஆயினும் அச்சின் தெளிவை அற்பமென்று கருதுதல் தகாதென்பது எமது துணிபு.

தாளில் விழுந்த கோடு வெறும் மையன்று. டோனர் என்னும் பிளாஸ்டிக் தூள். சூட்டில் உருகிச் செம்பின்மேல் ஒட்டும் அதுவே, பெரிக் குளோரைடுக் கரைசல் செம்பை அரிக்காதபடி காக்கும் கவசம். அதில் ஊசிமுனையளவு துளையிருப்பினும் கரைசல் உட்புகுந்து மின்வழியை அறுத்துவிடும். ஆகவே அடர்த்தி மிகுதியாக அச்சிடுதலும், செம்பை உப்புத்தாளால் தேய்த்துக் கைபடாது வைத்தலும், பூதக்கண்ணாடியால் நோக்கிக் குறைகளை அழியா மையால் அடைத்தலும் கரைசலில் இடுமுன் செய்யத்தக்கன.

பழுதான பலகை ஒவ்வொன்றும் மீண்டும் கரைசலை வேண்டும். செம்பு கலந்த அக்கழிவோ மீன்களுக்கு நஞ்சு. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாறு பட்ட பாட்டை நாம் அறிவோம். 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள், வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், முன்னெச்சரிக்கையும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்தலும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆலைக்கு உரைத்த நீதி விடுதி அறைக்கும் பொருந்தாதோ?

ஆகையால் மாணவ நண்பர்களே, கழிவைச் சாக்கடையில் ஊற்றாது பிளாஸ்டிக் புட்டியில் சேர்த்து ஆய்வுக்கூடப் பொறுப்பாளரிடம் ஒப்புவிப்பீர். அதனினும் மேலாக, கழிவே குறையும்படி முதலில் அச்சைத் திருத்துவீர்.