தூரக் கல்விப் பட்டமும் மூலப்பத்திரமும்

குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில் தென்காசி வட்டாரத்தில் மற்றொரு மழையும் பெய்யத் தொடங்குகிறது. அது விளம்பர மழை. வீட்டிலிருந்தபடியே எம்.ஏ. பட்டம் பெறலாம், தமிழோ ஆங்கிலமோ சரித்திரமோ பொருளாதாரமோ விரும்பியதைப் படிக்கலாம், தவணையில் பணம் கட்டலாம் என்று பலவித வாக்குறுதிகள் செவியில் விழுகின்றன. இவற்றுள் எதை நம்புவது என்று நம் யுவர்களும் யுவதிகளும் மயங்குவதில் வியப்பில்லை.

இது அற்ப விஷயமன்று. இலத்தூர் போன்ற ஒரு கிராமத்தை எடுத்துக் கொள்வோம். பி.ஏ. தேறியபின் கடையிலோ ஆபீசிலோ வேலைக்கமர்ந்த வாலிபர், கலியாணமாகிக் குழந்தையோடு வீட்டிலிருக்கும் பெண், வயலையும் பெற்றோரையும் விட்டு வெளியூர் போக இயலாதவர் ஆகிய இவர்களுக்கெல்லாம் மேற்படிப்பு வேண்டுமாயின் தூரக் கல்வி ஒன்றே திறந்திருக்கும் கதவு. அக்கதவு வழியே உள்ளே போனபின் அது வீடன்று, வெறும் திரைச்சீலை என்று தெரியவந்தால், போன பணத்தைச் சம்பாதித்துக் கொள்ளலாம். போன இரண்டு வருஷங்களை யார் திருப்பித் தருவார்?

தபால் மூலம் படித்த படிப்பு தாழ்ந்தது என்று சொல்வோர் சிலர் உண்டு. அவர்களுடைய அபிப்பிராயத்தை நாம் ஒப்பவில்லை. லண்டன் சர்வகலாசாலை 1858-ஆம் ஆண்டிலேயே, எங்கே படித்தவராயினும் தன் பரீட்சைக்கு வரலாம் என்று வாயிலைத் திறந்துவிட்டது. நம் தேசத்தில் டில்லி சர்வகலாசாலை 1962-இல் தபால் வழிக் கல்வியைத் தொடங்கிற்று. இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இல் பார்லிமெண்டின் சட்டத்தாலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல் நம் மாகாணச் சட்டசபையின் சட்டத்தாலும் பிறந்தவை. இவற்றுக்கு முன்பே, திருப்பத்தூர்த் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த மு. வரதராசனார் தாமாகவே பயின்று 1935-இல் வித்துவான் பரீட்சையில் தேறினார். பின்னர் 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவே அமர்ந்தார். வகுப்பில் உட்காராமல் கற்றவருக்குக் கல்வி குறைந்து போகும் என்று இனியும் வாதிப்பது வீண். சர்வகலாசாலை மானியக் கமிஷனாகிய யு.ஜி.சி.யும், அனுமதி பெற்ற நிலையங்கள் தூரக் கல்வி மூலம் வழங்கும் பட்டம் வகுப்பில் பெற்ற பட்டத்துக்குச் சமானம் என்று 1922-க்கு நூறாண்டு கழித்து, அதாவது 2022 செப்டம்பரில், பகிரங்கமாக அறிவித்திருக்கிறது.

ஆனால் அந்த அறிவிப்பில் 'அனுமதி பெற்ற' என்ற இரு சொற்களே உயிர்நாடி. அவற்றைக் கவனியாதவர் பட்ட பாட்டுக்கு நம் மாகாணத்திலேயே சான்று உண்டு. முதல் பட்டம் பெறாமலே, திறந்தநிலை முறையில் நேராக எம்.ஏ. பெற்ற ஒருவரின் பதவி நியமனம் பற்றிய வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. முதல் பட்டமின்றிப் பெற்ற அத்தகைய எம்.ஏ. செல்லாது என்று 2009 பிப்ரவரியில் தீர்ப்பாயிற்று. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில் வந்த பட்டங்களையே உத்தியோகங்களுக்கு ஏற்பதென்று அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழ்நாட்டு சர்க்காரும் உத்தரவிட்டது. 2017 நவம்பரில், நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தக்க அனுமதியின்றித் தபால் மூலம் அளித்த இஞ்சினீரிங் பட்டங்களைப் பற்றி அதே கோர்ட்டு கடுமையாகத் தீர்ப்புச் சொல்லிற்று. பெயர் பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தூரக் கல்விப் பாடங்களுக்கு 2014-15-ஆம் ஆண்டுக்குப் பின் அனுமதி இல்லை என்று 2022 மார்ச்சில் கமிஷன் எச்சரித்தபோது, எத்தனை குடும்பங்கள் கலங்கியிருக்கும்! பழம் பெருமை ஒன்று, அந்தந்த ஆண்டின் அனுமதி மற்றொன்று என்பதே இதிலிருந்து நாம் கற்கும் பாடம்.

நம் குடியானவர் இவ்விஷயத்தில் நமக்கு ஆசானாகட்டும். அரைக் காணி நிலம் வாங்குவதாயினும் அவர் விற்பவரின் இனிய பேச்சைக் கேட்டுப் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. மூலப்பத்திரத்தைக் கேட்கிறார், ரிஜிஸ்தர் ஆபீசில் வில்லங்கம் பார்க்கிறார், எல்லையை நடந்து அளக்கிறார். பட்டத்தை வாங்குமுன்னும் இம்மூன்றையும் செய்யவேண்டும்.

மூலப்பத்திரம் என்பது கமிஷனின் தூரக் கல்விக் குழு ஆண்டுதோறும் தன் இணையதளத்தில் வெளியிடும் பட்டியல். பல்கலைக்கழகத்தின் பெயர் அதில் இருந்தால் மட்டும் போதாது. நாம் சேரும் பாடமும், நாம் சேரும் பருவமும் அதில் இருக்கவேண்டும். உதாரணமாக, மனோதத்துவ சாஸ்திரத்தைத் தூரக் கல்வியில் கற்பிக்கலாகாது என்று 2025-இல் கமிஷன் தடுத்துவிட்டது. சென்ற ஆண்டுப் பட்டியலை நம்பி அப்பாடத்தில் பணம் கட்டியவர் கதி என்னவாகும்?

வில்லங்கம் பார்ப்பது என்பது நடுவில் நிற்பவர் யார் என்று விசாரிப்பது. கல்வியைக் குத்தகைக்கு விட கமிஷனின் 2020-ஆம் ஆண்டு விதிகள் இடம் தரவில்லை. 2024 முதல் ஒவ்வொரு மாணவரும் தாமே பதிவு செய்து தமக்கென ஓர் அடையாள எண் பெற்ற பிறகே சேர முடியும். 'எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், பரீட்சை பற்றியும் கவலை வேண்டாம்' என்று கடைத்தெருத் தரகர் சொன்னால், அந்த நிலத்தில் வில்லங்கம் உண்டு என்று அறிந்து விலகுங்கள்.

எல்லை அளப்பது என்பது பாடத்தையே படித்துப் பார்ப்பது. இந்திராகாந்தி பல்கலைக்கழகம் தன் பாடநூல்களை 'ஈ-ஞானகோஷ்' என்ற இணையக் களஞ்சியத்தில் யாவரும் காண இலவசமாக வைத்திருக்கிறது. ஒரு ரூபாயும் கட்டுமுன் அங்கே சரித்திரப் பாடத்தில் ஓர் அத்தியாயத்தையாவது படிக்கலாம். வினாத்தாள் எப்படியிருக்கிறது, எழுதியதைத் திருத்தித் தருபவர் உண்டா, பரீட்சை எந்த ஊரில் நடக்கும் என்றும் கேட்டறியலாம். கலைப் பாடங்களில் எம்.ஏ. என்பது வாசிக்கவும் யோசிக்கவும் எழுதவும் பழகுவது. அதைத் தராத இடம் எவ்வளவு சட்டபூர்வமாயினும் பயனற்றது.

சர்க்காரின் கடமையையும் இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. அனுமதிப் பட்டியலும் எச்சரிக்கைகளும் ஆங்கிலத்தில் வெளியாகின்றன. விளம்பரங்களோ நல்ல தமிழில் வீடு தேடி வருகின்றன. பொய் தாய்மொழியிலும் மெய் அந்நிய மொழியிலும் பேசினால் ஜனங்கள் எதை நம்புவர்? ஒவ்வொரு பருவத்திலும் அப்பட்டியலைத் தமிழில் அச்சிட்டு, தென்காசி ஜில்லாவின் நூலகங்களிலும் பஞ்சாயத்து ஆபீசுகளிலும் ஒட்டவேண்டும். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. மனம் ஒன்றே வேண்டும்.

நம் யுவர்களுக்கும் ஒரு வார்த்தை. குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. நம்மைப் போல் சட்டம் படித்தவர். எனினும் தமிழுலகம் அவரை நினைப்பது, திருநெல்வேலியில் அவர் வீட்டில் கூடிய வட்டத்தொட்டிக்காகவே. அங்கு வந்து கம்பனைச் சுவைத்தவர்களுக்கு எந்தச் சர்வகலாசாலையும் சான்றிதழ் தரவில்லை. இலத்தூரிலும் இலஞ்சியிலும் செங்கோட்டையிலும் தனித்தனியே தபால் பாடம் படிப்போர் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூடிப் படித்ததை விவாதித்தால், தூரக் கல்வியில் உள்ள பெருங்குறை தீர்ந்துவிடும். பத்திரம் செல்லுபடியாவதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். நிலத்தில் விளைவிப்பது உழுகிறவர் கையில்தான் இருக்கிறது.