வயதுச் சான்றிதழ் யாருக்கு?

தமிழ்த் திரைப்படம் ஒன்று தொடங்குவதற்கு முன்னர், இந்தியத் தணிக்கைச் சபையின் சான்றிதழ் சில விநாடிகள் திரையில் தோன்றி மறைகின்றது. அதில் ‘யு’, ‘யுஏ’, ‘ஏ’ என்பவற்றுள் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். திரையரங்கில் அந்நேரம் இரசிகர்கள் விசிலடித்துக்கொண்டிருப்பர். வீட்டிலோ யாரேனும் தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பர். அந்த எழுத்தை வாசிப்பவர் மிகச் சிலரே. ஆயினும் இரண்டரை மணி நேரப் படத்தில் பெற்றோரை நோக்கி நேரடியாக எழுதப்பட்ட செய்தி அது ஒன்றுதான்.

இந்தியாவில் 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தின் கீழ் நெடுங்காலம் இரு பிரிவுகளே வழக்கில் இருந்தன. எல்லாருக்கும் உரியது ‘யு’. வயது வந்தோருக்கு மட்டும் உரியது ‘ஏ’. 1983இல் இவற்றுக்கு நடுவே ‘யுஏ’ சேர்க்கப்பட்டது. 12 வயதுக்கு உட்பட்டோர் பெற்றோரின் வழிகாட்டலுடன் பார்க்கலாம் என்பது அதன் பொருள். 2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமும் 2024ஆம் ஆண்டின் விதிகளும் அதனை 7, 13, 16 வயது என மூன்று படிகளாக வகுத்துள்ளன. ஐக்கிய அமெரிக்காவில் 13 வயதுக்கான படி 1984இலேயே வந்துவிட்டது. அதற்கு வழிகோலிய படங்களுள் ஒன்று, நமது கண்டிப் பகுதியில் படமாக்கப்பட்ட இந்தியானா ஜோன்ஸ் வரிசையின் இரண்டாவது படம். சிறுவரும் பெற்றோர் துணையுடன் பார்க்கலாம் என்ற சான்றிதழுடன் வெளிவந்த அப்படத்தில், உயிருள்ள மனிதனின் நெஞ்சிலிருந்து இதயத்தைப் பிடுங்கியெடுக்கும் காட்சி இடம்பெற்றிருந்தது. பெற்றோரின் எதிர்ப்பைக் கண்ட இயக்குநர் ஸ்பீல்பேர்க்கே இடைப்பட்ட தரம் ஒன்று வேண்டுமென யோசனை கூறினார்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும். ‘ஏ’ என்பது திரையரங்கின் வாயிலில் நிற்பவருக்கு இடப்படும் கட்டளை. ‘யுஏ’ அப்படிப்பட்டதன்று. அதனை வாயிற்காவலர் நடைமுறைப்படுத்த முடியாது. அது பெற்றோரின் தீர்ப்புக்கே விடப்பட்டுள்ளது. தடை வேறு, தரப்படுத்தல் வேறு. நமது நாட்டில் 1912ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்கும் பொது அரங்காற்றுகைச் சபை, திரையரங்குகளுக்கான படங்களைப் பார்வையிட்டு அனுமதி வழங்குகின்றது. ‘வயது வந்தோருக்கு மாத்திரம்’ என்ற அதன் எச்சரிக்கையைச் சுவரொட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, அதனையே விளம்பரமாக்கிய காலமும் இருந்தது. மூத்த வாசகர்கள் இதனை மறந்திருக்கமாட்டார்கள்.

வயதறிந்து ஊட்டுதல் என்னும் சிந்தனை திருவிவிலியத்திற்குப் புதியதன்று. கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் திருமுகத்தின் 3ஆம் அதிகாரத்தில், அம்மக்களுக்குத் தாம் பாலைத்தான் ஊட்டியதாகவும், திட உணவை ஏற்கும் நிலையில் அவர்கள் அப்போது இல்லை எனவும் திருத்தூதர் பவுல் குறிப்பிடுகின்றார். திட உணவு தீயது என்று அவர் சொல்லவில்லை. அதற்குரிய காலம் வரவில்லை என்கின்றார். நமது இறப்பர் தோட்டங்களில் பால் வெட்டுவோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். நட்டு ஐந்தாறு ஆண்டுகள் கடந்தன என்பதற்காக எந்த மரத்திலும் கத்தி வைப்பதில்லை. சுற்றளவு ஏறத்தாழ 50 சென்ரிமீற்றரை எட்டியதா என்று அளந்து பார்த்த பின்னரே வெட்டுகின்றனர். ஒரே நாளில் நட்ட மரங்களும் ஒரே அளவில் பருப்பதில்லை. தணிக்கைச் சபைக்குத் தெரிந்தது வயது மாத்திரமே. எந்தப் பிள்ளை இரவில் அலறி எழும், எந்தப் பிள்ளை கண்டதை மறுநாளே செய்து பார்க்கும் என்பது தாய்க்கு மட்டுமே தெரியும்.

திருச்சபையும் இத்துறையில் பிந்தி வந்ததன்று. திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1936இல் திரைப்படங்களைப் பற்றிச் சுற்றுமடல் ஒன்றை எழுதினார். எவை எல்லாருக்கும் உரியவை, எவை முதிர்ந்தோருக்கு மட்டும் ஏற்றவை, எவை தீங்கானவை என ஆராய்ந்து மக்களுக்கு அறிவிக்கும் அலுவலகம் ஒவ்வொரு நாட்டிலும் அமைய வேண்டும் என அதில் கேட்டுக்கொண்டார். தீங்கானவை வீட்டினுள் நுழையாதபடி பார்த்துக்கொள்வது பெற்றோரின் கடமை என்று 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தனது சமூகத் தொடர்பு ஆணையில் எடுத்துரைத்தது. 2007ஆம் ஆண்டின் உலகத் தொடர்பு நாளுக்குத் திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர் தேர்ந்துகொண்ட பொருளும் சிறுவரும் ஊடகங்களும் பற்றியதே.

எனினும் வயதுத் தரப்படுத்தல் என்னும் ஏற்பாடு முழுவதும் சில வசதிகளை முன்கூட்டியே எடுத்துக்கொள்கின்றது. படம் பார்க்கும் இடத்திற்கு ஒரு வாயில் இருக்கும். பெரியவர்கள் பார்க்கும்போது பிள்ளைகள் இருப்பதற்கு வேறோர் அறை இருக்கும். வழிகாட்டப் பெற்றோர் அருகில் இருப்பர். இறக்குவானையிலும் பலாங்கொடையிலும் எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் நமது மக்கள் வாழும் நிலை என்ன? சிலருக்குத் தனி வீடுகள் கிடைத்துள்ளன என்பது மகிழ்ச்சியே. ஆனால் இன்னும் எத்தனையோ குடும்பங்களுக்கு வீடென்பது லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவும் இஸ்தோப்பும்தான். அங்கேயே சமைத்து, அங்கேயே படித்து, அங்கேயே உறங்குகின்றனர். தொலைக்காட்சியும் அங்கேதான். தந்தை பார்ப்பதைத் தரையில் படுத்திருக்கும் ஐந்து வயதுப் பிள்ளையும் பார்க்கின்றது. போர்வையை இழுத்து மூடினாலும் காதுகள் கேட்கின்றன. பக்கத்துக் காம்பராவின் ஓசைகூட மெல்லிய சுவரைத் தாண்டி வருகின்றது. பெரியவர்களுக்குத் தனி, சிறியவர்களுக்குத் தனி என்னும் சட்டத்தின் பிரிவு இந்த அறையினுள் செல்லுபடியாவதில்லை.

அதிகாலையில் எழுந்து, மழையிலும் அட்டைக்கடியிலும் மலையேறித் திரும்பும் தொழிலாளிக்கு இரவில் கிடைக்கும் ஒரே பொழுதுபோக்கு படம் பார்ப்பது. அதனை அவரிடமிருந்து பறிக்கச் சொல்வது நியாயமா என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வியே. அறையொன்று கூடுதலாக இருந்திருந்தால் இந்தப் பேச்சே எழுந்திராது. ஆகவே பழி முழுவதையும் தந்தையின்மேல் சுமத்த நான் விரும்பவில்லை. ஆனால் அதே திருமுகத்தின் 8ஆம் அதிகாரத்தில் பவுலடிகளார் எதிர்கொண்ட கேள்வியும் இத்தகையதே. சிலைகளுக்குப் படைத்த உணவை உண்பதால் தமக்குத் தீங்கில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். அருகிலிருக்கும் வலுவற்ற சகோதரர் இடறி விழக்கூடும் என்பதற்காக அந்த உரிமையை விட்டுக்கொடுக்க அவர் ஆயத்தமாயிருந்தார். லயத்துக் காம்பராவில் ஒரு படத்தின் தரத்தைத் தீர்மானிக்க வேண்டியவர் அந்த வீட்டின் கடைக்குட்டியே. இது கடினமான போதனை. வசதியுள்ள வீட்டுத் தந்தையைவிடத் தோட்டத்துத் தந்தை இதில் அதிகம் இழக்கின்றார்.

பெற்றோரின் வழிகாட்டல் என்னும் சொற்றொடரும் நம்மிடையே நெருடுகின்றது. தாய் மத்திய கிழக்கில் வீட்டுப் பணியில். தந்தை கொழும்பில் கடையொன்றில். பிள்ளையிடம் ஒரு கைத்தொலைபேசி. காவலுக்கு அம்மாயி. தாய் அழைக்கும்போது எடுப்பதற்காகவே அந்தத் தொலைபேசி வாங்கப்பட்டது. அழைப்பு முடிந்த பின்னர் அதில் என்ன ஓடுகின்றது என்பது அம்மாயிக்குத் தெரியாது. ‘யுஏ’ என்ற ஆங்கில எழுத்துகளை வாசிக்க முடியாத முதிய பெண்மணிதான் இன்று நமது பல குடும்பங்களின் தணிக்கைச் சபை.

எழுத்தை வாசிக்கத் தெரிந்தவருக்கும் உதவாத பொருள் ஒன்றுண்டு. அதுவே முன்னோட்டம், அதாவது ட்ரெயிலர். இந்தியத் திரையரங்குகளில் முன்னோட்டமும் சான்றிதழ் பெற்றே திரையிடப்பட வேண்டும். இணையத்தில் வெளியாவதற்கு அந்தக் கட்டாயம் இல்லை. 2023 ஒக்டோபர் 5ஆம் திகதி ‘லியோ’ படத்தின் முன்னோட்டம் யூடியூப்பில் வெளியானது. அதில் கதாநாயகனான விஜய் கூறும் ஆபாசச் சொல் ஒன்று பெரும் சர்ச்சையை எழுப்பவே, பின்னர் அவ்விடத்தில் ஒலி அடக்கப்பட்டது. அதற்குள் அதனைக் கேட்காத பிள்ளை எங்கே இருந்தது? படம் ‘யுஏ’ சான்றிதழுடன் திரைக்கு வந்ததோ அந்த மாதம் 19ஆம் திகதி. சான்றிதழ் பெற்ற படத்திற்கு இரு வாரங்கள் முன்பே சான்றிதழற்ற சாரம் தோட்டத்துப் பாடசாலை முற்றம்வரை வந்துவிட்டது.

முன்னோட்டத்தின் இயல்பே அத்தகையது. முழுப் படத்தில் ஒரு வெட்டுக்கு முன்னால் காரணமும், பின்னால் கண்ணீரும் இருக்கலாம். முன்னோட்டத்தில் வெட்டு மட்டுமே இருக்கும். படத்தைத் தேடிச் சென்றுதான் பார்க்க வேண்டும்; முன்னோட்டமோ தேடாமலே வருகின்றது. பிள்ளை கேலிச்சித்திரம் பார்த்துக்கொண்டிருக்கையில் விளம்பரமாக நுழைகின்றது. அமெரிக்காவில் பச்சை அட்டையுடன் வரும் முன்னோட்டங்களில் ‘எல்லாப் பார்வையாளருக்கும்’ என்றிருந்த வாசகத்தைக்கூட 2009இல் ‘பொருத்தமான பார்வையாளருக்கு’ என்று மாற்றிக்கொண்டனர்.

எழுத்தின்மேல் அளவுக்கு மிஞ்சிய நம்பிக்கையும் வேண்டாம். 2011இல் தமிழ்நாட்டு அரசு கேளிக்கை வரி விலக்குக்கு ‘யு’ சான்றிதழை நிபந்தனைகளுள் ஒன்றாக்கியது. அதன்பின் அந்த எழுத்துக்குப் பண மதிப்பு ஏற்பட்டது. சில வசனங்களை மௌனமாக்கி, சில விநாடிகளை வெட்டி, அதனைப் பெற்றுவிடத் தயாரிப்பாளர் முயன்றனர். 2025 ஓகஸ்ட் 14ஆம் திகதி ரஜினிகாந்த் நடித்த ‘கூலி’ ‘ஏ’ சான்றிதழுடன் வெளிவந்தது. அதனை ‘யுஏ’ ஆக மாற்றக் கோரித் தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. இரு வாரங்களில் மனு தள்ளுபடி செய்யப்பட்டது. சிறுவர்களால் படத்தைப் பார்க்க முடியவில்லை என்பது நிறுவனத்தின் குறைகளுள் ஒன்று. அந்த வாதத்தில் சிறுவர் ஒரு நுழைவுச் சீட்டாகவே எண்ணப்பட்டதாக எனக்குத் தோன்றுகின்றது.

இரத்தம், வசைமொழி, ஆபாசம், போதை ஆகியவற்றை எடைபோடும் தராசில் சிக்காதவையும் உள. வேண்டாம் என்று சொல்லும் பெண்ணைத் துரத்தித் துரத்திக் காதலிக்க வைக்கும் கதாநாயகன் ‘யு’ படத்திலும் வருவான். கறுத்த நிறத்தையும் கூலித் தொழிலையும் கேலிசெய்யும் நகைச்சுவைக்கு எந்த எழுத்தும் இல்லை. ‘தோட்டக்காட்டான்’ என்ற ஏளனத்தைக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிக்கும்போது எனக்கு மனம் வலிக்கின்றது. நமது தொலைக்காட்சிகளில் சிகரெட்டும் மதுக்குவளையும் மங்கலாக்கப்படுகின்றன. சம்பள நாளில் இஸ்தோப்பில் திறக்கப்படும் போத்தலை யாரும் மங்கலாக்குவதில்லை.

செய்யக்கூடியவை சில உண்டு. தொலைபேசியில் சிறுவருக்கான கட்டுப்பாட்டை அமைத்துத் தருவது பங்கின் இளைஞருக்குப் பத்து நிமிட வேலை. இரகசிய இலக்கத்தை அண்ணனிடம் கொடுக்காதிருந்தால் சரி. தீபாவளி, பொங்கல் வெளியீடுகளுக்கு முன்னர் புதிய படங்களின் தரத்தையும் அதற்கான காரணத்தையும் ஆலய அறிவிப்புப் பலகையில் தமிழில் எழுதி வைக்கலாம். அன்பியக் கூட்டத்தில் அதனை வாசித்துக் காட்டலாம். அம்மாயிமார் பெரும்பாலும் அங்கேதான் இருப்பர். நமது தமிழ்த் தொலைக்காட்சி நிலையங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. படம் தொடங்குமுன்னரும் ஒவ்வொரு விளம்பர இடைவேளைக்குப் பின்னரும், இது எத்தனை வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்றது என்பதைக் குரலாக, தெளிந்த தமிழில், எழுத்தறியாதவருக்கும் விளங்கும்படி அறிவியுங்கள். அதற்கு ஐந்து விநாடிகள் போதும்.