வாய்விட்டுப் படித்தவன்

போன மாதம் என் பள்ளித் தமிழாசிரியரோடு ஓர் இ-சேவை மையத்துக்குப் போயிருந்தேன். ஐயாவுக்கு ஓய்வுபெறும் வயதில் கண் நீர் அழுத்த நோய் வந்து பார்வை போய்விட்டது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை சம்பந்தமாக ஒரு விண்ணப்பம். கவுன்ட்டரில் இருந்த பெண் கேட்கக் கேட்க, நான் ஐயாவின் கோப்பைப் பார்த்துப் படித்தேன். எத்தனை சதவீதம்? நூறு. எதனால்? க்ளூக்கோமா. வங்கிக் கணக்கு எண்? வருமானம்? வீட்டில் கூட யார் இருக்காங்க? யாருமில்லை. கடைசியில் அவர் செல்லுக்கு வந்த ஓடிபியையும் ஒவ்வோர் எண்ணாக உரக்கச் சொன்னேன். பின்னால் வரிசையில் பத்துப் பதினைந்து பேர்.

வெளியே வந்ததும் ஐயா சொன்னார்: "ஏம்ப்பா, வகுப்புல வாய்விட்டுப் படின்னா முணுமுணுப்பே. இன்னைக்குத்தான் நல்லாப் படிச்சே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

தகவல் திருட்டு என்றால் எங்கோ இருட்டறையில் கணினியை உடைக்கிறவன்தான் நமக்கு நினைவுக்கு வருவான். ஐயாவின் தகவல் என் வாய்வழியாகப் போனது. பார்வை உள்ளவர் தன் காகிதத்தை நீட்டிவிட்டு நிற்கலாம். அதில் என்ன இருக்கிறதென்று அவருக்கும் எதிரே இருப்பவருக்கும்தான் தெரியும். பார்வையற்றவரின் காகிதத்தை யாராவது படித்துக் காட்டியாக வேண்டும். தனியாக இருக்கிறார், பார்வை அறவே இல்லை, பணம் இந்த வங்கியில் வருகிறது: ஏமாற்ற நினைப்பவனுக்கு இந்த மூன்றே போதும். பிறகு அவன் குரலை மாற்றிக்கொண்டு வந்தால் ஐயாவால் அடையாளம் காட்டவும் முடியாது.

2024 மக்களவைத் தேர்தலில் ஐயாவுக்குத் துணையாக வாக்குச்சாவடிக்குள் போனவனும் நான்தான். உள்ளே விடுமுன் என்னிடம் உறுதிமொழி வாங்கினார்கள். அவர் வாக்கை ரகசியமாக வைத்திருப்பேன், இன்று வேறு யாருக்கும் துணையாகப் போகவில்லை என்று. 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தும் விதிகளிலேயே இது இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தக் கண் கொடுப்பவனிடம் கையெழுத்து வாங்கும் அரசு, அவருடைய முழுக் கோப்பையும் படிக்கிறவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. மாற்றுத்திறனாளிகளின் உடல்நலத் தகவல்களுக்கு மற்றவர்களுக்குச் சமமான அந்தரங்கம் வேண்டும் என்கிறது அவர்களின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 22-ஆம் பிரிவு. 2007-லேயே இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி வேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் அந்தத் தமிழை ஸ்கேன் செய்து படமாகப் போட்டால், ஐயாவின் செல்லில் திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் 'டாக்பேக்' செயலி பெரும்பாலும் வாயடைத்து நிற்கிறது. மறுபடி என்னைத்தான் கூப்பிட வேண்டும்.

டிஜிட்டல் சேவைகள் பார்வையற்றவர்க்கும் எட்ட வேண்டும், அது வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை வசதி பற்றிய தீர்ப்பாகவே பலரும் படித்தார்கள். எனக்கு அது ரகசியம் பற்றிய தீர்ப்பும்கூட. தன் கோப்பைத் தானே படிக்க முடிகிறவருக்குத்தான் அதை மறைத்து வைக்கவும் முடியும். அதுவரை, படித்துக் காட்டுகிறவரிடம் ஒரு கையெழுத்து வாங்கவும், கவுன்ட்டரை விட்டுத் தள்ளி இரண்டு நாற்காலிகள் போடவும் அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

போன வாரம் மறுபடி போனோம். ஐயா என்னைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார். காதில் இயர்போன். ஓடிபி வந்ததும் விசைப்பலகையைத் தன் பக்கம் நகர்த்தித் தரச் சொன்னார். எண் விசைகளின் நடுவே, ஐந்தின் மேல் ஒரு சின்ன மேடு இருக்கும். விரலால் அதைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து எண்ணி, ஆறு எண்களையும் தானே அடித்தார்.

என்ன எண் என்று எனக்குத் தெரியாது.