வதந்தி கிளம்புகிறது, தொழிலாளி ஓடுகிறான்!

2023ம் ஆண்டு மார்ச் மாதத் துவக்கத்தில் திருப்பூரில் நடந்ததை உழைப்பாளி மக்கள் மறந்துவிடக் கூடாது.

“தமிழ்நாட்டில் பீஹார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள்” என்ற புளுகு கிளம்பியது. கைபேசிக்குக் கைபேசி வீடியோக்கள் பறந்தன. பீஹார் சட்டமன்றத்தில் அமளி நடந்தது. பனியன் கம்பெனிகளில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் பீதியடைந்தனர். பலர் மூட்டை முடிச்சுகளுடன் ரயில் ஏறினர்.

உண்மை என்ன? பரப்பப்பட்ட படங்களில் ஒன்று, பீஹார் தொழிலாளர்களின் இரு கோஷ்டிகளுக்குள் நடந்த சண்டை. இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டது. தமிழகப் போலீஸ் தலைமை இதை விளக்கியது. போலீஸ் சொன்னால் போதுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பீஹார் சர்க்காரே தன் அதிகாரிகள் குழுவை அனுப்பியது. அவர்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து, தொழிலாளர்களையே நேரில் விசாரித்தார்கள். புளுகு அம்பலமாயிற்று.

“நெருப்பில்லாமல் புகையுமா?” என்று சிலர் வாதிடுகிறார்கள். புகை இருந்தது. ஆனால் அது எந்த வீட்டு நெருப்பு என்று யார் போய்ப் பார்த்தார்கள்?

பார்க்காமல் நம்பினால் உயிரே போகும். 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்கு வந்த 65 வயது மூதாட்டி குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர் என்று கூட்டம் அவரை அடித்தே கொன்றுவிட்டது. அடித்தவர்கள் யாரும் கூலிப் பட்டாளம் அல்ல. வாட்ஸ்அப்பில் வந்ததை வேதவாக்காக நம்பிய சாதாரண ஜனங்கள்!

திருப்பூர் புளுகால் யாருக்கு லாபம்? ஓடிய தொழிலாளிக்குக் கூலி போயிற்று. தங்கிய தொழிலாளிக்குத் தூக்கம் போயிற்று. நெருக்கடியான அறை, நீண்ட வேலை நேரம் போன்ற உண்மையான குறைகளோ பேச்சிலிருந்தே மறைந்தன. “வடக்கத்தியான் நம் பிழைப்பைப் பறிக்க வந்தவன்” என்று இங்கே பேசுவதும் இதே விஷம்தான். கூலியைக் குறைப்பவன் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருப்பவன் அல்ல. இந்தச் சந்தேகம் வளர்ந்தால், தமிழ்த் தொழிலாளியும் பீஹார் தொழிலாளியும் கூலிக்காக ஒரே குரலில் பேசுவது எப்படி?

ஆகவே, ஒரு சேதி கைக்கு வந்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எங்கே நடந்தது? எப்போது நடந்தது? கண்ணால் பார்த்தவர் யார்? விடை கிடைக்காவிட்டால் அந்தச் சேதி உங்கள் கையோடு நிற்கட்டும். பக்கத்து அறையில் இருக்கும் பீஹார் தொழிலாளியிடம் நேரில் போய்ப் பேசுங்கள். அவனுக்கு நேர்ந்ததை அவனைவிட அறிந்தவர் யார்?