கல்லைத் தின்னும் உப்பு



சென்ற இதழில் ஏற்காட்டு மிளகைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை மலையை விட்டு இறங்கிக் கடற்கரைக்கே போய் வந்துவிட்டேன். எனக்கு நாற்பத்தாறு வயது. கடலைச் சினிமாவில் பார்த்ததோடு சரி. என் மாமியாருக்கு எழுபத்திரண்டு, அவரும் அப்படியே. "கண்ணை மூடறதுக்குள்ள ஒரு தடவை சமுத்திரத்தைப் பாத்துடணும் கண்ணு" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். தை மாதக் கடைசியில்தான் அதற்கு வேளை வந்தது.

இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் வந்து, ஆத்தூர், உளுந்தூர்பேட்டை வழியாகச் செங்கல்பட்டில் நாத்தனார் வீட்டில் இரவு தங்கினோம். விடிகாலை ஐந்து மணிக்கெல்லாம் ஃபிளாஸ்கில் காப்பியை ஊற்றிக்கொண்டு மாமல்லபுரத்துக்குக் கிளம்பிவிட்டோம். "இந்த இருட்டுல என்னத்தைப் பார்க்கப் போறோம்?" என்று பெரியவன் முணுமுணுத்தான். நாத்தனார்தான், "ஒன்பது மணிக்கு மேல போனா வெயிலும் கூட்டமுமா இருக்கும். கல்லைப் பார்க்கணும்னா காலையிலதான் போகணும்" என்று பிடிவாதமாக அனுப்பினார். அவர் சொன்னது எவ்வளவு உண்மை!

ஆறு மணிக்குக் கதவு திறந்ததும் உள்ளே போனோம். மலையில் எங்களுக்கு விடியல் என்றால் பனிமூட்டம்தான். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே சூரியன் மெல்ல எட்டிப் பார்ப்பான். இங்கேயோ வானமும் தண்ணீரும் சேருகிற கோட்டிலிருந்து செக்கச் செவேலென்று எழுந்தான். அந்த முதல் வெளிச்சம் நேராகக் கடற்கரைக் கோயிலின் பெரிய கோபுரத்தில் விழுந்தது. மாமியார் கை கூப்பியபடி பேசாமல் நின்றார்.

இந்தக் கோயில் ராஜசிம்மன் என்று பெயர் பெற்ற இரண்டாம் நரசிம்மவர்ம பல்லவன் காலத்தது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம்; சுமார் 1300 வருஷங்கள் ஆகின்றன. ஐந்து ரதங்களைப் பாறையிலேயே குடைந்து செதுக்கியிருக்கிறார்கள். இதுவோ கல்லை வெட்டிக் கொண்டுவந்து அடுக்கிக் கட்டியது. கடலைப் பார்த்து ஒரு சிவன் சன்னதி, ஊரைப் பார்த்து ஒரு சிவன் சன்னதி, இரண்டுக்கும் நடுவே பாறையில் பள்ளிகொண்ட பெருமாள். 1984-ல் யுனெஸ்கோ இவ்வூர்ச் சின்னங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

"விளக்கு ஏத்த மாட்டாங்களா?" என்று மாமியார் கேட்டார். பூஜை இல்லை என்றதும் அவருக்கு மனசு கேட்கவில்லை. மதில்மேல் வரிசையாகப் படுத்திருக்கும் நந்திகளிடம் போனார். பல நந்திகளுக்குக் கண்ணும் மூக்கும் தேய்ந்து மழுங்கிவிட்டன. "யாரு இப்படி உடைச்சது?" என்றார்.

அங்கே காவல் பார்க்கும் பெரியவர் ஒருவர் சிரித்தார். "யாரும் உடைக்கலைம்மா. எல்லாம் உப்புக் காத்து பண்ணின வேலை" என்று விளக்கினார். கடல் காற்றில் வரும் உப்பு ஈரத்தோடு கல்லின் நுண்ணிய துளைகளில் இறங்கிவிடுகிறது. வெயிலில் ஈரம் காய்ந்ததும் உப்பு உள்ளேயே பரல் பரலாகக் கட்டிக்கொள்கிறது. அந்தப் பரல் பெரிதாகப் பெரிதாகக் கல்லின் மேல்தோலை உள்ளிருந்தே நெம்பித் தள்ளிவிடுகிறதாம்.

அதற்குத் தொல்லியல் துறையினர் செய்யும் வைத்தியத்தைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். காகிதக் கூழ்! நல்ல தண்ணீரில் ஊறவைத்த கூழைக் கல்லின்மேல் அப்பிவிடுகிறார்கள். அது காயும்போது உள்ளே இருக்கும் உப்பைத் தன்னிடம் இழுத்துக்கொள்கிறது. பிறகு உரித்தெடுத்துவிட்டு மறுபடியும் அப்புகிறார்கள். வெந்தயம் சேர்த்து அரைத்துக் கூடை செய்வோமே, கிட்டத்தட்ட அதே கூழ்தான். அலை அரிக்காமலிருக்கக் கரையில் பாறாங்கற்களைப் போட்டிருக்கிறார்கள். காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்களும் வளர்த்திருக்கிறார்கள்.

மாமியார் நந்தியின் முகத்தைத் தடவிக்கொண்டே, "பாரு கண்ணு, வெளியே ஒண்ணும் தெரியாம உள்ளேயே இருந்து அரிச்சிருக்கு" என்றார்.

எனக்குச் சுரீர் என்றது. ஏன் தெரியுமா? ஐப்பசியில் ஒரு மருத்துவ முகாமில் எனக்கு ரத்த அழுத்தம் பார்த்தார்கள். 160/100 இருந்தது. "இது வலிக்காது, மயக்கம் வராது, சத்தமில்லாமல் இருதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மாத்திரையை விடாதீர்கள், உப்பைக் குறையுங்கள்" என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார். நான் இருபது நாள் மாத்திரை போட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று அப்படியே நிறுத்திவிட்டேன். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்த நந்திக்குப் பக்கத்தில் நின்றுதான் இவரிடம் சொன்னேன். "ஏங்க, நான் பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டேன்."

"எப்போதிலிருந்து?"

"தீபாவளியிலிருந்து."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உனக்கு ஒண்ணு ஆனா நம்ம வீட்டுல எது எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாதே" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரும்பும்போது சேலத்திலேயே டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் மலையேறினோம். 170/104! மாத்திரையை மறுபடி தொடங்கினேன். அவர் சொன்ன ஒரு கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் யோசனைப்படி பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு இருக்கவேண்டும். அதாவது எல்லாமும் சேர்த்து ஒரு டீஸ்பூன் அளவுதான். எங்கள் வீட்டில் ஐந்து பேர். ஒரு கிலோ பாக்கெட் நாற்பது நாளாவது வரவேண்டும். எனக்கு இருபது நாளில் காலியாகிக்கொண்டிருந்தது! ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு எல்லாம் அதற்கு மேலே. கல் உப்பு, இந்துப்பு என்று மாற்றிக்கொண்டால் பயமில்லை என்று நினைத்தேன். "எதுவானாலும் உப்பு உப்புதான்" என்று சொல்லிவிட்டார்.

இப்போது பாக்கெட் வாங்கியதும் அதன்மேல் தேதி எழுதிவிடுகிறேன். நீங்களும் எழுதிப் பாருங்கள், உங்கள் வீட்டுக் கணக்கு தெரிந்துவிடும்.

மாமல்லபுரம் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலை ஆறு மணிக்கே போய்விடுங்கள். ஒரே டிக்கெட்டில் ஐந்து ரதங்களையும் பார்க்கலாம். குடிதண்ணீர், தொப்பி, பருத்தி உடை அவசியம். அலை இழுத்துவிடும், குழந்தைகளைக் கடலில் இறங்க விடாதீர்கள். சிற்பங்களில் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுக்காதீர்கள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளைக் கைப்பையில் முதலில் எடுத்து வையுங்கள். முருக பக்தர்கள் பக்கத்திலுள்ள சாளுவன்குப்பத்துக்கும் போகலாம். 2004 சுனாமிக்குப் பிறகு, மறு வருஷம் மண்ணைத் தோண்டி வெளியே எடுத்த பழைய முருகன் கோயில் அங்கே இருக்கிறது.

போன வாரம் எனக்கு 138/86. மாமியார் மட்டும் தயிர்சாதத்தில் கை வைத்ததும் உப்பு ஜாடியைத் தேடுகிறார். "நந்தி மூஞ்சியை நினைச்சுக்குங்க அத்தை" என்பேன். முறைத்துக்கொண்டே சாப்பிட்டுவிடுகிறார்.