மணல்மேட்டு அரணையும் சவுக்குத் தோப்பும்

"அரணை கடித்தால் மரணம்" என்று சொல்லிச் சொல்லியே பார்த்த இடத்தில் அடித்துவிடுகிறோம். அரணைக்கு விஷமே கிடையாதுங்க!

தோட்டத்தில் ஓடும் அரணை எல்லோருக்கும் தெரியும். அதன் கடலோரச் சொந்தக்காரரான பிப்ரோன் அரணையைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1838-ல் கிரே என்ற ஆங்கிலேயர் பதிவு செய்தது. நம் கிழக்குக் கடற்கரை மணல்தான் அதற்கு வீடு. கீழ் இமையில் கண்ணாடி மாதிரி ஒரு வட்டம். கண்ணை மூடினாலும் வெளிச்சம் தெரியும். மணல் பறக்கிற ஊரில் பிழைக்க வேண்டாமா?

அடும்பும் ராவணன் மீசையும் படர்ந்த மணல்மேட்டை நாம் 'சும்மா கிடக்கிற இடம்' என்கிறோம். 2004 சுனாமிக்குப் பிறகு அலையைத் தடுக்கப் போகிறோம் என்று தமிழகக் கடலோரத்தில் சவுக்கு நட்டார்கள். மேடே ஒரு தடுப்புதான் என்பது மறந்துவிட்டது. சவுக்குச் சருகு மெத்தை போல மூடினால் அடியில் அடும்பு வளராது; வெயில் காய மணலும் இருக்காது. சவுக்கு விறகாகும், காசாகும், மறுக்கவில்லை. அதைப் பட்டா நிலத்தில் போடட்டுமே. அடும்பும் பச்சைதானே?

செம்மண்டலம் நண்பர்களே, தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு மரக்கன்று நட யாராவது கூப்பிட்டால், மேட்டை விட்டு ஊர்ப்பக்கம் நடலாமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.